காசு கொடுத்துக் கக்கூஸ் கழுவப் போன கதை

என் நாத்தனாருக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அவள் சொல்வதில் பாதி சரியாகவும் இருந்து தொலைக்கும், அதுதான் தொல்லை. ஜூன் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து மெல்பர்ன் போய், அங்கே மோட்டார்ஹோம், அதாவது படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளே இருக்கிற வண்டி, வாடகைக்கு எடுத்துச் சுற்றிவிட்டு வந்தோம். வந்த பிறகு ஒருநாள் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது படங்களைத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தோம். என் மகன் பெருமையாக ஒரு வீடியோவைத் தேடி எடுத்தான். அதில் அவனும் அவன் தாத்தாவும் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, வண்டியின் கழிவுப் பெட்டியைக் கைப்பிடியால் இழுத்தபடி நடக்கிறார்கள். நாத்தனார் தட்டில் இருந்த வடையைக் கீழே வைத்தாள். "ஏன் அண்ணி, காசு கொடுத்துக் கக்கூஸ் கழுவவா மெல்பர்ன் வரைக்கும் போனீங்க?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிரித்து முடித்த பிறகுதான் அது உறுத்தத் தொடங்கியது. அவள் கேட்டது வெறும் கிண்டல் என்று ஒதுக்க முடியவில்லை. நகரத்தைச் சுற்றிக்காட்டத்தானே பிள்ளைகளை அழைத்துப் போனோம்? திரும்பி வந்த பிள்ளை நூலகக் குவிமாடத்தையோ டிராமையோ காட்டாமல் ஏன் இதைக் காட்டினான்? அவளுக்கு அப்போதே பதில் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

மோட்டார்ஹோமில் நகரமா?

இந்தக் கேள்வியைக் கிளம்பும் முன்பே அலுவலகத்தில் பலர் கேட்டார்கள். மோட்டார்ஹோம் என்றால் நியூசிலாந்து, ஏரிக்கரை, பனிமலை. நகரம் என்றால் ஓட்டல். இதுதான் நம்மவர்கள் மனதில் இருக்கும் கணக்கு. எங்கள் கணக்கு வேறாக இருந்ததற்குக் காரணம் மாமா. மாமியார் போன பிறகு மாமாவைத் தனியாக விட்டுவிட்டு எங்கும் போவதில்லை. அவருக்குச் சர்க்கரை. மூன்று வேளையும் வெளிச்சாப்பாடு ஒத்துவராது, காலையில் ஒரு வாய் சூடான கஞ்சியாவது வேண்டும். சின்னவள் விடியற்காலையில் எழுந்துகொண்டு ஓட்டல் தாழ்வாரத்தில் ஓடுகிற வயது. அடுப்பும் படுக்கையும் ஒரே இடத்தில் இருந்தால் நல்லது என்று தோன்றியது, அவ்வளவுதான். மற்றபடி ஓட்டலைவிட மலிவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வண்டி வாடகை, காப்புறுதி, டீசல், இந்த வண்டிகளை நிறுத்தித் தங்குகிற கேரவன் பார்க்கில் இரவுக்கு இவ்வளவு என்று கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ அதே வெள்ளிதான் வருகிறது.

பிள்ளைகளுக்கு இது கிடைக்காத பொருள் என்பதும் ஒரு கவர்ச்சி. சிங்கப்பூர்ச் சாலைகளில் இந்த வகை வண்டிகளுக்கு அனுமதியே இல்லை. மலேசியா வழியாக உலகம் சுற்றி ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள்கூட வண்டியை ஜொகூரில் நிறுத்திவிட்டுத்தான் பாலம் தாண்டி இங்கே வருகிறார்கள். ஆகவே எங்கள் மூத்தவனுக்கு, தொடக்கநிலை நான்கில் படிக்கிறவன், இது யூடியூபில் மட்டுமே பார்த்த அதிசயம்.

வண்டி ஓட்டுவதில் பெரிய சிரமம் இல்லை. நம்மைப் போலவே இடதுபக்கச் சாலை. நாலரை டன்னுக்கு உட்பட்ட வண்டி என்பதால் கார் உரிமமே போதும். ஆனால் மெல்பர்ன் நகர மையம் பெரிய வண்டிக்காரனுக்கு ஆன இடமில்லை. சில சந்திப்புகளில் வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் இடதுகோடிக்கு ஒதுங்கி நின்று, நேரே போகிற வண்டிகளெல்லாம் போய் முடிந்த பிறகு மொத்தச் சாலையையும் குறுக்கே கடந்து திரும்ப வேண்டும். நடுவில் டிராம் போவதற்காக இப்படி ஓர் ஏற்பாடு. அதைவிட, சவுத் மெல்பர்னில் மான்டேகு தெருப் பாலம் என்று ஒன்று இருக்கிறது. உயரம் மூன்றே மீட்டர். மஞ்சள் விளக்கு, பலகை, தொங்கும் தடுப்பு எல்லாவற்றையும் மீறி லாரிகள் போய் முட்டிக்கொண்டே இருப்பதால் அந்த ஊரில் அது ஒரு தீராத வேடிக்கை. எங்கள் வண்டி மூன்று மீட்டருக்கு மேல். இவர் அந்தப் பாலத்தைப் பற்றிப் படித்த நாளிலிருந்து, வண்டியின் உயரத்தைத் தாளில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவைத்துவிட்டார். அந்தப் பாலம் இருக்கும் பக்கம் நாங்கள் போகவே இல்லை என்பது வேறு விஷயம்.

ஆக, வண்டியை வடக்கே கோபர்க் பகுதியில் ஒரு கேரவன் பார்க்கில் நிறுத்திவிட்டு, காலையில் 19ஆம் எண் டிராமில் நகரத்துக்குப் போவது, மாலையில் திரும்பிவிடுவது. ஜூனில் அங்கே ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுகிறது. நான்கு மணிக்கு வண்டிக்குள் இருந்தால்தான் சின்னவளைச் சமாளிக்க முடியும். இந்தக் கட்டாயத்தால் ஒரு நாளைக்கு ஓர் இடம்தான் பார்க்க முடிந்தது. மீதி நேரமெல்லாம் டிராமில்.

அந்த டிராம் பயணத்தை இப்போது நினைத்தால், டிக்கெட் வாங்கிப் பார்த்த எதையும்விட அதுதான் நன்றாக இருந்தது. சிட்னி ரோடு என்று பெயர், ஆனால் மெல்பர்னுக்குள்தான். லெபனானியர்களும் துருக்கியர்களும் நடத்துகிற ரொட்டிக் கடைகள், கல்யாண கவுன் கடைகள், பழைய நாற்காலி விற்கிற கடை, மீண்டும் ரொட்டிக் கடை. பிறகு மரங்கள் அடர்ந்த ராயல் பரேடு, பல்கலைக்கழகம், 1878இல் தொடங்கிய குவீன் விக்டோரியா சந்தை, கடைசியில் ஃபிளிண்டர்ஸ் தெரு ரயில் நிலையம். நம் பிள்ளைகள் உட்லண்ட்ஸில் தரைக்கு அடியில் இறங்கி, ஆர்ச்சர்டில் தலையை வெளியே நீட்டுகிறவர்கள். இடையில் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வந்ததில்லை. ஓர் ஊர் மெல்ல மெல்ல நெருக்கமாகிக்கொண்டே வந்து நகரமாக மாறுவதை மூத்தவன் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தான். மாமா ரொட்டிக் கடைகளை எண்ணினார். எந்தக் கடையில் கூட்டம் அதிகமோ அதில் மாலையில் இறங்கி வாங்கலாம் என்பது அவர் திட்டம்.

பார்த்த இடங்களைப் பற்றி நான் எழுதி உங்களுக்குப் புதிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை. மாநில நூலகத்தின் எண்கோண வாசிப்பறையில் அண்ணாந்து பார்த்தோம், அருங்காட்சியகத்தில் டைனோசர் எலும்பு பார்த்தோம், பிள்ளைகளுக்கு அங்கே கட்டணம் இல்லை. சரி, கக்கூஸுக்கு வருவோம்.

நாலு விளக்கு

மோட்டார்ஹோமுக்குள் நுழைந்ததும் கதவுக்கு மேலே ஒரு சின்னப் பலகை இருக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் வரிசையாக விளக்குகள் எரியும். நல்ல தண்ணீர் எவ்வளவு மீதி, பாத்திரம் கழுவிய தண்ணீர் எவ்வளவு சேர்ந்திருக்கிறது, பேட்டரி எந்த நிலை என்று அது சொல்லும். நல்ல தண்ணீர்த் தொட்டி நூறு லிட்டரைக் கொஞ்சம் தாண்டும். கோபர்க் வருவதற்கு முன் நகருக்கு வெளியே ஓரிடத்தில் தங்கினோம். அங்கே மின்சாரம் மட்டும்தான், தண்ணீருக்குத் தொட்டியை நம்பித்தான் இருக்க வேண்டும். மூத்தவன் சிங்கப்பூரில் குளிப்பதுபோல் பாட்டுப் பாடிக்கொண்டு குளித்தான். வெளியே வந்து பொத்தானை அழுத்தினான். நாலு விளக்கில் இரண்டு அணைந்திருந்தன. "அம்மா, தண்ணி எங்க போச்சு?" என்று கேட்டான் பாருங்கள், திருட்டுப் போனதைப்போல.

சிங்கப்பூரில் ஒருவர் வீட்டில் ஒரு நாளைக்குச் செலவழிக்கும் தண்ணீர் 2023இல் 141 லிட்டர். அதை 2030க்குள் 130ஆகக் குறைக்க வேண்டும் என்பது இலக்கு. பள்ளியில் சுவரொட்டி எழுதுகிற அளவுக்கு அவனுக்கு இதெல்லாம் மனப்பாடம். அதாவது எங்கள் ஐந்து பேருக்கான முழுத் தொட்டியும் இங்கே ஓர் ஆள் ஒரு நாளில் செலவழிப்பதைவிடக் குறைவு. அந்த 141 என்ற எண் அவனுக்கு அதுவரை எழுத்தாகத்தான் இருந்தது. அன்றைக்கு நாங்கள் தட்டைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவினோம். மாமா மட்டும் அலட்டிக்கொள்ளவே இல்லை. 1963இல் இங்கே மழை பொய்த்துத் தண்ணீருக்கு ரேஷன் வந்தபோது அவர் பையன். பல மாதம் நீடித்ததாம். ஒரு செம்புத் தண்ணீரில் முகம், கை, கால் மூன்றையும் கழுவுவது எப்படி என்று செய்து காட்டினார். சின்னவள் அதை ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொண்டு, தன் பிளாஸ்டிக் கோப்பையோடு அவர் பின்னாலேயே திரிந்தாள்.

சிவப்பு

இனிச் சொல்லப்போவதைச் சாப்பிட்டுக்கொண்டு படிப்பவர்கள் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

கேரவன் பார்க்கில் நல்ல கழிவறைகள் உண்டு, வெந்நீரும் வரும். ஆனால் இரவில் ஏழு டிகிரி. அந்தக் குளிரில் சர்க்கரை உள்ள முதியவரையும் சின்னவளையும் தட்டி எழுப்பி நடத்திக்கொண்டு போக முடியாது. அதனால் இரவில் வண்டிக்குள் இருக்கும் கழிவறைதான். அதற்கு அடியில் ஒரு பெட்டி. இருபது லிட்டருக்குள்தான் கொள்ளும். நிறைந்துவிட்டால் சிவப்பு விளக்கு எரியும். வண்டியின் வெளிப்பக்கத்தில் ஒரு சின்னக் கதவைத் திறந்து அந்தப் பெட்டியை உருவி எடுத்து, பார்க்கின் மூலையில் அதற்கென்று இருக்கும் குழியில் கொட்டிக் கழுவிவிட்டு, நீல மருந்து போட்டுத் திரும்பச் செருக வேண்டும். வண்டியை ஒப்படைத்த பெண் இதை விளக்கியபோது இவரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டதோடு சரி. விளக்கு எரிந்த மாலையில் இவர் முதுகைப் பிடித்துக்கொண்டார். நான் அடுப்பில் பருப்பு இருக்கிறது என்றேன். இரண்டுமே உண்மைதான். ஆனால் இரண்டு பேருக்கும் அந்தப் பெட்டியைத் தொட மனமில்லை என்பதும் உண்மை. எங்கள் வீட்டில் கழிவறை கழுவுவது பணிப்பெண். பிள்ளைகள் அக்கா என்று கூப்பிடுவார்கள், மியன்மாரிலிருந்து வந்தவர். நான் கடைசியாக எப்போது கழிவறைத் தூரிகையைக் கையில் எடுத்தேன் என்று அன்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

மாமா எழுந்தார். "நீ பருப்பப் பாரும்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, "டேய், அந்தக் கையுறைய எடுத்துக்கிட்டு வா" என்றார் பேரனிடம். எனக்கு வெட்கமாகிவிட்டது. பருப்பை அணைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன். கைபேசியில் படமெடுத்தது நான்தான், நாத்தனார் பார்த்தது அதைத்தான்.

அவர் அந்த வேலையைச் செய்த விதம் கண்ணில் நிற்கிறது. பெட்டியை உருவும் முன் தாழ்ப்பாளை இரண்டு தரம் சரிபார்த்தார். பெரிய பயணப்பெட்டிபோல் அதற்குச் சக்கரமும் நீட்டுகிற கைப்பிடியும் உண்டு. சரளைக் கல்லில் இழுத்தால் குலுங்கும் என்று, கல் இருந்த இடத்தில் மட்டும் தூக்கிக்கொண்டார். குழியருகே வந்ததும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, பேரனை எதிர்ப்பக்கம் நிறுத்தினார். மூக்குப்போல் நீளும் குழாயைத் திருப்பி, மூடியைக் கழற்றி, சாய்த்தார். கட்டைவிரல் பக்கத்தில் ஒரு பொத்தான். அதை அழுத்திப் பிடித்தால்தான் காற்று உள்ளே போய், தெறிக்காமல் சீராகக் கொட்டும். "மெதுவா, மெதுவா" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். பிறகு தண்ணீர் விட்டுக் குலுக்கி, மறுபடி கொட்டி, மறுபடி தண்ணீர் விட்டு. மூத்தவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு "யூ" என்றான். மாமா கோபிக்கவில்லை. "நாங்களும் இப்படித்தான்டா பண்ணுவோம், ஓடுவோம் வேற" என்றார்.

அவர் வளர்ந்தது சிங்கப்பூரில் நீ சூன் பக்கத்துக் கம்பத்தில், அதாவது கிராமத்தில். கழிவறை வீட்டுக்குப் பின்னால் தனியாக, பலகையில் கட்டியது. சில படி ஏறி உட்கார வேண்டும், அடியில் வாளி. விடிவதற்கு முன் ஒருவர் வருவார். தோளில் கம்பு, இரண்டு பக்கமும் வாளி. பின்னால் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து நிறைந்த வாளியை எடுத்துவிட்டு வெறும் வாளியை வைப்பார். சாலையோரத்தில் லாரி நிற்கும், பக்கவாட்டில் முழுக்கச் சின்னச் சின்னக் கதவுகள், ஒவ்வொன்றுக்குள்ளும் வாளி. பிள்ளைகள் எழுந்துவிட்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டு ஓடுவார்களாம். "அவரு திரும்பியே பாக்க மாட்டாரு. வாளி அலம்பாம நடக்கணும்ல, அதுலதான் கண்ணு இருக்கும்."

பெட்டியைக் கவிழ்த்து வடியவிட்டபடியே அவர் இன்னொன்றும் சொன்னார். தீபாவளிக்கு அவருடைய அம்மா முறுக்கும் அதிரசமும் ஒரு தட்டில் எடுத்துப்போய், பின்பக்கத்தில் ஒரு மரக்கட்டை கிடக்குமாம், அதன்மேல் வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவாராம். "கையில கொடுத்து நான் பாத்ததில்ல."

"அவரு தமிழா தாத்தா?"

"சீனரு."

"பேரு என்ன?"

"யாரு கேட்டா?" என்றார் மாமா. கேள்வி மாதிரி இல்லை அது. பிறகு நீல மருந்துப் பொட்டலத்தைப் பல்லால் கிழிக்கப் போனவர், கையுறை ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

அந்தக் கட்டையும் தட்டும் எனக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துவிட்டன. நம் குடும்பங்களில் இந்த மாதிரி வழக்கமெல்லாம் ஊரில்தான், கப்பல் ஏறும்போதே விட்டுவிட்டு வந்துவிட்டோம் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அவர் சீனர். நம் சாதிக் கணக்கில் அவருக்கு இடமே கிடையாது. ஆனாலும் தட்டு கட்டைமேல்தான் வைக்கப்பட்டது. மாமாவின் அம்மாவை நான் பார்த்திருக்கிறேன், யாரையும் கடிந்து பேசாத மனுஷி. பலகாரம் வைக்க வேண்டும் என்று தோன்றியதும் அவருக்குத்தான், கையில் கொடுக்கத் தோன்றாததும் அவருக்குத்தான்.

இதெல்லாம் ஏதோ பழங்காலம் என்று நினைத்திருந்தேன். சிங்கப்பூரில் கடைசி வாளி எடுக்கப்பட்டது 1987 ஜனவரியில். அதே ஆண்டு நவம்பரில்தான் எம்ஆர்டி ரயில் முதன்முதலாக ஓடியது.

நாற்ற நகரம்

மறுநாளைக்கு வைத்திருந்த திட்டம் வேறு. ஆனால் பார்க்கின் வரவேற்பறையில் இருந்த துண்டுப் பிரசுரத்தில் ஸ்பாட்ஸ்வுட் நீரேற்று நிலையத்தின் படத்தைப் பார்த்துவிட்டு மூத்தவன் பிடிவாதம் பிடித்தான். சயின்ஸ்வொர்க்ஸ் என்ற அறிவியல் அருங்காட்சியகத்தோடு ஒட்டிய இடம் அது. அங்கே கோளரங்கமும் இருக்கிறது, அதனால் இவரும் ஒப்புக்கொண்டார். வெளியிலிருந்து பார்த்தால் யாரோ ஜமீன்தாரின் மாளிகை மாதிரி இருக்கிறது, கோபுரமும் வளைவுமாக. உள்ளே இரண்டு மாடி உயரத்துக்கு நீராவி எந்திரங்கள். கழிவுநீரை மேலேற்றுவதற்காக 1897இல் கட்டியது, 1965 வரை ஓடியிருக்கிறது.

தங்கம் கிடைத்து மெல்பர்ன் கொழித்த காலத்தில் அந்த ஊருக்கு 'அற்புத மெல்பர்ன்' என்று பட்டப்பெயர். சாக்கடையும் கழிவும் தெருவோரக் கால்வாயில் ஓடி யாரா நதியில் கலந்ததால் கூடவே இன்னொரு பெயரும் ஒட்டிக்கொண்டது, ஊரின் பெயரோடு நாற்றத்தைச் சேர்த்து 'ஸ்மெல்பர்ன்' என்று. மாளிகைகள் எழும்பிக்கொண்டிருந்த அதே 1880களில் மக்கள் டைஃபாய்டில் செத்தார்கள். அதற்கப்புறம்தான் 1891இல் தனியாக ஒரு வாரியம் அமைத்து, ஊர் முழுவதும் குழாய் பதித்து, தாழ்வான இந்த ஸ்பாட்ஸ்வுட்டுக்குக் கழிவைத் தானாக ஓடிவரச் செய்து, இங்கிருந்து எந்திரத்தால் ஏற்றி, மேற்கே வெரிபி என்ற இடத்துக்கு அனுப்பினார்கள். வெரிபி இன்றைக்கும் இயங்குகிறது. பரப்பு 105 சதுர கிலோமீட்டர். நம் சிங்கப்பூரில் ஏழில் ஒரு பங்கு. பறவை பார்ப்பவர்களுக்கு அது சொர்க்கமாம்.

"சிங்கப்பூர்ல இவ்ளோ இடம் ஏது?" என்று கேட்டான் மூத்தவன். நல்ல கேள்வி. நாம் அதைக் கீழே இறக்கிவிட்டோம். கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை நிலத்துக்கு அடியில் 48 கிலோமீட்டர்ச் சுரங்கக் குழாய், 2008இல் முடிந்தது. மேற்குப் பக்கத்துக்கும் அப்புறம் தோண்டினார்கள். நம் வீட்டுக் கழிவறையில் இழுத்துவிடுகிற தண்ணீர் புவியீர்ப்பிலேயே சாங்கி போய்ச் சேர்கிறது. சுத்திகரித்ததில் ஒரு பகுதி நியூவாட்டராகத் திரும்பி வருகிறது. 2002 தேசிய தினத்தில் அப்போதைய பிரதமர் கோ சோக் டோங்கும் கூட்டமும் நியூவாட்டர் போத்தலை உயர்த்திக் குடித்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். உலகமே நம்மிடம் கற்றுக்கொள்ள வருகிற விஷயம் இது. எங்கள் வீட்டில் இதை முதன்முதலாகப் பேசியதோ மெல்பர்னில் ஒரு நீராவி எந்திரத்துக்குக் கீழே நின்றுகொண்டு.

அன்று மாலை பிரன்ஸ்விக்கில் மாமாவின் ரொட்டிக்காக இறங்கினோம். பக்கத்துத் தெருவில் நடந்தபோது அவர் சட்டென்று நின்றார். வரிசை வீடுகளுக்குப் பின்னால் கருங்கல் பாவிய குறுகலான சந்து. இரண்டு பக்கமும் வேலி, சுவர். ஒரு சுவரில் முழங்கால் உயரத்தில் சின்னச் சதுரம், செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். "பாத்தியாடா?" என்றார். எந்தப் பலகையும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது. இரவில் கழிவு எடுப்பவர்கள் வந்துபோவதற்காக விட்ட சந்துகள்தான் அவை. ஆட்களும் பாஷையும்தான் வேறு. நாங்கள் பார்த்த மெல்பர்னிலேயே எனக்கு அந்த அடைத்த சதுரம்தான் மிகவும் பிடித்தது. எந்த ஓட்டல் வரவேற்பறையிலும் அதற்கு வரைபடம் கொடுத்திருக்க மாட்டார்கள்.

நாத்தனாருக்குச் சொல்லாத பதில்

ஆக அவள் சொன்னதில் தப்பில்லை. காசு கொடுத்துத்தான் போனோம், கழுவவும் செய்தோம். அவள் சொல்லாமல் விட்ட இன்னொரு குத்தலையும் நானே சொல்லிவிடுகிறேன். விடுமுறைக்குப் போன இடத்தில் கையுறை மாட்டிச் செய்தால் அது அனுபவம், வீடியோ எடுக்கலாம். சம்பளத்துக்குத் தினமும் செய்தால் யாரும் வீடியோ எடுப்பதில்லை. இந்த வித்தியாசத்தை மறைத்துவிட்டு 'பிள்ளைகள் எவ்வளவு கற்றுக்கொண்டார்கள் தெரியுமா' என்று அளக்க எனக்கு விருப்பமில்லை. தவிர, மோட்டார்ஹோம் எல்லோருக்கும் ஆகாது. மழை பெய்தால் ஐந்து பேரும் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். இவருக்கு இன்னும் முதுகுவலி போகவில்லை.

ஆனால் திரும்பி வந்த வாரத்தில் ஒருநாள், சாப்பாட்டு மேசையில் மூத்தவன் கேட்டான்: "நம்ம வீட்டுல அது அக்காதானே?" எது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அக்கா சமையலறையில்தான் இருந்தார், காதில் விழுந்திருக்கும். சனிக்கிழமை காலையில் அவனுடைய கழிவறையை அவனே கழுவுவது என்று முடிவாயிற்று. இதை ஏதோ சீர்திருத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் சனிக்கிழமை அரை போத்தல் மருந்தைக் கொட்டி, தாழ்வாரம் வரை நனைத்துவிட்டான். அக்கா வந்து பார்த்துவிட்டு, "இது இரண்டு வேலை, மேடம்" என்றார். அவன் கழுவுவது ஒன்று, அவன் கழுவியதைக் கழுவுவது இன்னொன்று. இப்போது ஓரளவு கற்றுக்கொண்டிருக்கிறான், பரீட்சை வாரத்தில் மட்டும் அவன் அப்பாவே விலக்குக் கொடுத்துவிடுகிறார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, அதைப் பற்றிச் சண்டை நடந்துகொண்டிருக்கிறது.

இன்னொன்று, மாமாவும் பேரனும் சேர்ந்து ஊர் சுற்றத் தொடங்கியிருக்கிறார்கள். பேருந்தில்தான், மேல்மாடியில் முன்வரிசை. மெரினா அணைக்கட்டுக்கு ஒருமுறை நானும் போனேன். கடல் புகுந்த இடத்தை 2008இல் அடைத்து நல்ல தண்ணீர் ஏரியாக்கினார்கள். தீவின் ஆறில் ஒரு பங்கில் பெய்கிற மழை அங்கேதான் வருகிறது. எல்லோரும் புல்மாடியில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள், இவர்கள் இரண்டு பேரும் கீழே பம்பு அறைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

போன மாதம் லிட்டில் இந்தியாவின் தேக்கா. பழைய கடைவீடுகளுக்குப் பின்னால் இருக்கும் சந்துகளில் இரும்புச் சுழல்படிகள் இருக்கின்றன அல்லவா, சுற்றுலாப் பயணிகள் அழகு என்று படமெடுப்பது. 1907இல் சிம்சன் என்ற பேராசிரியர் சிங்கப்பூரின் சுகாதாரத்தைப் பற்றி எழுதிய அறிக்கைக்குப் பிறகு, முதுகோடு முதுகு ஒட்டியிருந்த கடைவீடுகளுக்கு நடுவே வெட்டிய சந்துகள் இவை. வாளிக்காரர் வீட்டுக்குள் நுழையாமல் மாடிக்கு ஏறி இறங்கப் பயன்பட்டது அந்தப் படி. நான் தேக்காவில் பிறந்து வளர்ந்தவள் மாதிரி சுற்றியிருக்கிறேன், பூ வாங்கியிருக்கிறேன், தாலிக்கொடி வாங்கியிருக்கிறேன். ஒரு தடவைகூடப் பின்பக்கம் போனதில்லை. மூத்தவன் படியின் வளைவைக் கையால் அளந்து பார்த்தான். தோளில் கம்பும் இரண்டு பக்கமும் வாளியுமாக இந்த வளைவில் எப்படித் திரும்புவது என்பது அவனுடைய கேள்வி. மாமா குடையைத் தோளில் வைத்துத் திரும்பிக் காட்டினார், முனை கம்பியில் இடித்தது. கம்பை நீளவாக்கில் திருப்பிப் பிடிப்பார்கள் என்றார். இல்லை, படியில் கம்பு இல்லாமல் ஒவ்வொரு வாளியாகத்தான் இறக்குவார்கள் என்று நான் சொன்னேன். மூன்று பேரும் வழியை மறித்துக்கொண்டு வாதாடிக்கொண்டிருந்தோம்.

ஓர் உணவகத்தின் பின்கதவு திறந்தது. பனியன் போட்ட ஒரு தம்பி, ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர் என்று பேச்சிலேயே தெரிந்தது, இரண்டு கையிலும் எச்சில் வாளி. "கொஞ்சம் ஒதுங்குங்கண்ணே, வேலை கிடக்கு" என்றார். ஒதுங்கினோம். மூத்தவன் அவரிடம் பெயர் என்ன என்று கேட்டான். அவர் எதற்கு என்பதுபோல் எங்களைப் பார்த்துவிட்டு, சொன்னார். பிறகு முன்பக்கம் சுற்றிப் போய் அதே கடையில் தோசை சாப்பிட்டோம். மாமாவுக்குச் சர்க்கரை இருப்பதால் இனிப்புச் சட்னி வேண்டாம் என்று சொல்லியும் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.